மேரியக்கா பேசினப்ப நின்னுபோன மைக்

மார்கழி, ஞாயிறு ராத்திரி.

பாச்சலூர்ல பிரசவம் பார்த்த நர்ஸ் மேரியக்காவுக்கு இன்னைக்கு ரிட்டையர்மென்ட் விழா. மைக்செட் என்னோடது. காலி மண்டபத்துல கார்டுலெஸ் மைக்கை டெஸ்ட் பண்ணினப்ப கணீர்னு கேட்டுச்சு. மைக்கோட சிக்னலை வாங்குற ரிசீவர் மண்டபத்தோட கடைசியில, என் மேசை மேல.

அக்கா பேச வந்ததும் மண்டபமே எந்திரிச்சு நின்னுச்சு. பாதிப் பேரு அவங்க கையில பொறந்தவங்க. மைக் விட்டுவிட்டுக் கேட்டு, அப்படியே நின்னுபோச்சு. பேட்டரிதான்னு நெனச்சு, புதுசை எடுத்துக்கிட்டு கூட்டத்துக்குள்ள முண்டிப் போனேன்.

"விடுப்பா, பேசி முடிச்சுட்டேன்"னாங்க.

பின்னாடி இருந்த எங்களுக்கு ஒரு வார்த்தைகூட முழுசா கேக்கல. எல்லாரும் உட்கார்ந்ததும் அதே பழைய பேட்டரியில மைக் வேலை செஞ்சுச்சு.

நின்ன ஆளுங்கதான் சிக்னலை மறைச்சிருக்காங்க. உட்காரச் சொல்லியிருந்தா போதும். ஆனா நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.