பூமேட்டில் நீங்கள் விழுந்த இடம்

மழை வரும்போல இருந்ததால் இன்று காலை உங்கள் மழைக்கோட்டை எடுத்து உதறினேன். பையிலிருந்து காய்ந்த புல்விதைகள் லண்டன் நோர்பரி வீட்டுக் கம்பளத்தில் கொட்டின. கூட்டித் தள்ள மனம் வரவில்லை. குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

நாம் கலியாணம் கட்டிச் சுவிசில் இருந்த காலத்திலேயே உங்களுக்கு நடைப் பைத்தியம். லண்டனுக்கு வந்த பிறகு, பஸ்ஸில் போகும் தூரத்தில் அந்தப் பூமேட்டைக் கண்டுபிடித்தீர்கள். முன்பு மாட்டுப் பண்ணையாக இருந்த சரிவு; இப்போது காட்டுப் பூக்களுக்காகக் காக்கப்படும் நிலம். தேனீயைப் போலவே இருக்கும் ஒரு சின்ன ஓர்கிட் பூவைக் கண்டால், பாதையிலேயே குப்புறப் படுத்துவிடுவீர்கள். "மாடு திண்டு தீர்த்த நிலம். சும்மா விட்டால் எல்லாம் திரும்பி வருது, பாத்தியே," என்பீர்கள்.

போன ஜூனில், பாதிச் சரிவு ஏறியிருந்தோம். நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தீர்கள். உதடு நீலமாகிவிட்டது. போனில் சிக்னல் இல்லை; உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும்.

"மேலை ஓடிப்போய் அம்புலன்சுக்கு அடிச்சிட்டு வாறன்," என்றேன்.

"போகாதை. என்னோடை இரு."

நான் போகவில்லை. உங்கள் தலையை மடியில் வைத்துக் கத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. "ஐயோ, ஆராவது வாங்கோ!" நாயோடு நடந்த ஒரு வெள்ளைக்காரி, சொல் விளங்காமலே ஓடி வந்தாள். அவளே மேலே ஓடிப் போன் அடித்தாள். ஸ்ட்ரெச்சர் வந்தபோது உங்கள் கை என் கைக்குள் கனத்துப்போயிருந்தது.

போன ஞாயிறு தனியாகப் போனேன். அந்த இடத்தைக் காணவில்லை. அன்று நம் பாரத்தில் நசுங்கிய புல்லெல்லாம் எழும்பி, பூத்து நிற்கிறது. முழங்காலில் ஊர்ந்து விலக்கி விலக்கித் தேடினேன். காவலுக்கு நின்ற பெண், பாதைக்கு வரச்சொல்லி ஆங்கிலத்தில் கூப்பிட்டாள்.

"என்ரை மனிசன் இதிலைதான் செத்தவர்," என்றேன். பிறகுதான் அவளுடைய மொழியில் சொன்னேன்.

எந்த இடம் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லும்போது எனக்கு அழுகை வெடித்தது. அவள் புல்லுக்குள் இறங்கி, என்னோடு தேடினாள். கிடைக்கவில்லை.

அன்று நாம் ஏறாமல் விட்ட மிச்சத்தை ஏறினேன். உச்சியில் நின்று, "இஞ்சருங்கோ, வந்திட்டன். இனி எங்கை போறது?" என்று சத்தமாகவே கேட்டேன்.

இறங்கும்போது ஒற்றையடிப் பாதையின் ஓரத்தாலேயே நடந்தேன். முள் கீறியும் நடுவுக்கு வரவில்லை. தெருவிலும் அப்படித்தான், வீட்டுக்குள்ளும் அப்படித்தான். இன்னும் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன்.