குதிரையை மாற்ற முடியாது

செவ்வாய், மாரண்டஹள்ளி

ஆமாம், என் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை கொடுப்பது குதிரைப் பந்தயக் கிளப்தான். அதை நான் மறைக்கவில்லை. பேட்டி தொடங்கும் முன்பே அருளப்பன் அண்ணனிடம் சொன்னேன். அந்தக் கிளப்பின் லாயத்தில் குதிரை பராமரித்தவர், இடுப்பு உடைந்து ஊர் திரும்பியவர். பரவாயில்லை என்று பேசினார். கால் வீங்கிய குதிரைக்கு ஊசி போட்டு ஓடவிட்டது, பந்தயம் முடிந்து கூட்டி வரும்போது அது இவர் மேல் சரிந்தது, எல்லாம். இத்தனை நாள் ஒருவரும் எனக்குச் சொல்லாதது.

கிளம்பும்போது அவர் மனைவி செல்வி அக்கா கேட்டார்.

"இவரு தம்பி இன்னும் அங்கதானுங்க வேல செய்யறான். தெரிஞ்சா தொரத்திட மாட்டாங்களா?"

"பேர மாத்திடுவேங்க்கா."

"எங்கூட்டுக்காரரு பேரு அங்க யாருக்குங்க தெரியும்? இன்ன குதிரக்காரன்னாத்தான் தெரியும். குதிரைய மாத்துவீங்களா?"

அண்ணன் சிரித்தார். "படிக்கிற புள்ளைய ஏன்டி மடக்குற?" பிறகு என்னைப் பார்த்து, "வேணாங்கம்மா, பதிவு பண்ணத அழிச்சிடுங்க" என்றார்.

ஆய்வு நெறியாளருக்குப் போன் செய்தேன். "சம்மதம் வாங்கியாச்சுல்ல? குதிரையோட நிறத்த மாத்தி எழுதிடும்மா" என்றார். நிறத்தை மாற்றலாம். அந்த ஊசியை? அது அவர் மேல் சரிந்ததை? அவற்றையும் மாற்றினால் நான் எழுதுவது கதை. மாற்றாவிட்டால் தம்பிக்கு வேலை போகும். கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆய்வேட்டின் இந்த அத்தியாயம் இனி...

ஒலிப்பதிவை அழித்தேன். அழித்துவிட்டதாகச் செல்வி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.