எய்னார் கொடுத்த ஆணிகள்

யுரேகா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஹாரல்டுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இட்டாவுக்கு வாந்தி நின்றதா? மாசமாக இருப்பவளைப் பட்டினி போடாதே. நீ அனுப்பிய புகைபோட்ட சால்மன் மீன் வந்தது. 

அடக்கத்தன்று, சுவர் ஏன் விழுந்தது என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. உட்கார்ந்து படி.

பூகம்பத்தில் எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் பக்கம்தானே சாய்ந்தது, உன் அண்ணன் மேலே. நேற்று ஆய்வாளர் வந்து இடிபாட்டைப் பார்த்தார். நானும் கூட நின்றேன். மரத்தூண்கள் முறியவில்லை. தூண்களைச் சேர்த்துப் பிடிக்க அவற்றின் மேல் அடித்திருந்த ஒட்டுப்பலகை மட்டும் தனியாகக் கழன்று கிடந்தது. தூண்களில் ஆணிகள் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றைப் பிடுங்கி, "நீளம் சரிதாம்மா, தடிமன் பத்தாது. பூமி ஆடுற ஊர்ல சுவத்துக்கு இந்தக் குண்டூசியையா அடிப்பாங்க?" என்றார். "எம் புருஷன் ஊருக்கே வீடு கட்டுனவரு, வாயை அடக்குங்க" என்று கத்திவிட்டேன்.

பாவி மனுஷன்! தூண் பிளந்தால் அவருக்குப் பொறுக்காதே. "தடி ஆணி அடிச்சா மரம் பொளந்துக்குதுடி. இது பாரு, வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது" என்று பெருமையாகக் காட்டுவார். காசுக்காகச் செய்யவில்லை, ஹாரல்டு. மரத்துக்குப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அவரை விழுங்கிவிட்டது.

அந்த ஆணியில் மிச்சமிருந்த பெட்டிகளை உன் புது வீட்டுக்கு வண்டியில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

ஒட்டுப்பலகையை மூடி வெளிப்பலகை அடித்து, பெயின்ட் பூசி, தொட்டில்கூட வாங்கியாயிற்று என்று இட்டா எழுதியிருந்தாள். கோடை முழுக்க முதுகு ஒடிய உழைத்தாய், தெரியும். ஆனாலும் வெளிப்பலகையைப் பிரி. உங்கள் கூஸ் பே நகரமும் பூமி ஆடுகிற ஊர்தான். அந்த ஆணிகளுக்கு இடையிடையே தடி ஆணி அடி. மரம் பிளக்குமென்று தோன்றினால் முதலில் துளை போட்டுக்கொள். ஆணித் தலை பலகைக்குள் புதையக் கூடாதாம், அதையும் ஆய்வாளர் சொன்னார். வேலை முடியும்வரை இட்டா அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும்.

செத்தவரைக் குறை சொல்கிறாளே என்று என்னைத் திட்டுவாய். திட்டு. சுவரைப் பிரித்துவிட்டு, வாய் வலிக்கத் திட்டு.

வளைந்த ஆணி ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருப்பதோடு சேர்த்துப் பார்.

பிள்ளைக்கு எய்னார் என்று உன் அண்ணன் பெயரையே வைக்கப் போகிறாயாம். கேட்டு அழுதேன். கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். பெயர் மெதுவாக வைத்துக்கொள்ளலாம், ஹாரல்டு. முதலில் சுவரைப் பிரி.

உன் அண்ணி,
லோரீன்