குனிந்து வாங்கிய பரிசு

மர்கிலான்,
வியாழக்கிழமை

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

மஹ்லியோ எழுதுவது. குழந்தைகள் மூவரும் நலம். சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, பால் குடிக்கும்போது கடிக்கிறாள். நான் நலமாக இல்லை. போனில் சொல்லலாமென்றால் உங்கள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அதனால்தான் நீங்கள் வேலை செய்யும் சுர்குத்துக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு உமர்பெக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஞாயிறன்று பெண்கள் கூட்டம் இந்த மாதம் நம் வீட்டில். சம்சா சுட்டு, டீ ஊற்றி முடித்ததும் உங்கள் அக்கா திலோரம் எல்லார் முன்னாலும் ரிப்பன் கட்டிய ஓர் உறையை நீட்டினார். மருமகள் என்ன செய்வாள்? வழக்கப்படி நெஞ்சில் கைவைத்து மூன்று முறை குனிந்தேன். பிறகுதான் பிரித்தேன். ஏதோ அழகு மருத்துவமனையின் பரிசுச் சீட்டு. பெண்ணுறுப்பை லேசரால் இறுக்கும் சிகிச்சையாம். கத்தியில்லை, தையலில்லை என்று கீழே பூப்போட்டு எழுதியிருந்தது.

"ஏன்டி முழிக்கிற? மூணு பெத்தா தளராம என்ன செய்யும்? எந்தம்பி நவ்ரோஸ் பண்டிகைக்கு வர்றப்ப புதுப்பொண்ணு மாதிரி இருக்க வேணாமா?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா மட்டும், "நானா சொல்றேன்? அவனேதான் போன்ல வருத்தப்பட்டான்" என்றார்.

நீங்களா? என் உடம்பைப் பற்றி உங்கள் அம்மாவிடமா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்தது?

செவ்வாயன்று உங்கள் அம்மாவே என்னை அந்த மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். டாக்டரம்மா என்னைக் கேட்டால் பதில் அவரிடமிருந்து வருகிறது. "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்று டாக்டரம்மா கதவைச் சாத்திய பிறகுதான் என் வாய் திறந்தது. வறட்சி, எரிச்சல், போன முறை நீங்கள் வந்திருந்தபோது வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். பார்த்துவிட்டுத் தளர்ச்சி எதுவும் இல்லை என்றார். பால் கொடுக்கும் உடம்பு இப்படி வறள்வது சகஜம், இப்போது லேசர் வேண்டாம் என்று களிம்புதான் எழுதிக் கொடுத்தார். கடைசியில், "வலிக்குதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேனே! பொறுத்துக்கோ என்றீர்களே, நினைவிருக்கிறதா?

வெளியே வந்ததும் "எப்ப ஆரம்பிக்கிறாங்க?" என்று உங்கள் அம்மா எழுந்தார். எனக்கு இது வேண்டாம் என்று சீட்டை அவர் கையிலேயே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை. காலையில் நான் ஸலாம் சொல்லிக் குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

நவ்ரோஸுக்கு வாருங்கள், பிள்ளைகள் ஏங்குகிறார்கள். ஆனால் அந்தப் பெண்களை மறுபடி கூப்பிட்டு, அவள் உடம்பில் குறையில்லை, நான்தான் தெரியாமல் உளறினேன் என்று அவர்கள் முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை என் படுக்கை பிள்ளைகளோடுதான்.

அங்கே குளிரில் உங்கள் கைகள் வறண்டு வெடித்து ரத்தம் கசிகிறது என்று உமர்பெக் சொன்னார். ஆட்டுக்கொழுப்பில் களிம்பு காய்ச்சி ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். தூங்கப் போகும்முன் தடவிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வலிக்கிறது என்று கேட்டதுமே அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இறைவன் உங்கள் கைகளை ஆற்றட்டும்.

மஹ்லியோ