இட்லிப் பானையில் வெந்த எஞ்சின்

மயிலாய் உருக்கொண்டு மயிலையில் தவமிருந்த அம்மையும், அத்தவத்துக்கு இரங்கி வந்த ஐயனும் இந்த மடலுக்கு முன்னிற்க.

என் இல்லாளின் தம்பிக்கு,

இன்று காலை சந்தியாவந்தனத்துக்கு அமர்ந்து மூக்கின்மேல் விரல் வைத்தபோது, விளக்கெண்ணெய் கருகிய வாடை வந்தது. சோப்புப் போட்டு இருமுறை கழுவிய விரல்கள்தாம். மந்திரம் நாவில் நின்றது. மனம் உன்னிடம் போய்விட்டது. நம் தாய்மார் பிள்ளைகளின் வயிறு சுத்தமாகப் புகட்டிய அதே எண்ணெய், நீ பறக்கவிடும் பொம்மை விமானத்தின் எரிபொருளிலும் கலந்திருந்தது. மந்தைவெளியில் எங்கள் மொட்டைமாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசனைதான். அசோக் நகரிலிருந்து எஞ்சினைப் பையில் போட்டுக்கொண்டு வருவாய். பகல் சாப்பாடு வரை அதை உறும வைத்துக்கொண்டிருப்பாய்.

நீ போய் ஓராண்டு நிறையப் போகிறது. மனைவி மக்கள் இல்லாத உனக்காகப் பவித்திரம் அணிந்தவன் நான். மாதாமாதம் வரும் மாசியம் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் எள்ளும் நீரும் இறைத்து எழும் ஒவ்வொரு முறையும், முழங்கால் முன்னைவிடச் சற்று அதிக அவகாசம் கேட்கிறது. சிரத்தை குறையவில்லை, அப்பா; உடம்பு அலுத்துவிட்டது.

சென்ற மாதக் காரியம் முடிந்து இலை எடுத்தபின், உன் அக்கா கூடத்திலிருந்து என்னை அழைத்தாள்.

“ஏன்னா, அவன் குரல் எனக்கு மறந்துண்டே வரது. முகம் வரது, சிரிப்பு வரது, குரல் வரமாட்டேங்கறது. அந்த எஞ்சின் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. ஒரு தடவை அதை ஓட்டிக் காட்டுங்கோளேன்.”

“எனக்கு அதுல என்னடி தெரியும்?”

“தெரிஞ்சுக்கோங்கோ. நீங்க நிதானமாத் தெரிஞ்சுக்கறதுக்குள்ள இந்தக் காதும் போயிடப் போறது.”

அவளுக்கு இடச்செவி அடங்கி வெகுநாளாயிற்று. வலச்செவியும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. கருவி வைத்தாலும் அதிக நாள் பயனிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

உன் பெட்டியைத் திறந்தேன். பலகையில் நீயே முடுக்கி வைத்த நிலையில் எஞ்சின் இருந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். நீ வாங்கும்போதே பிறர் கைப்பட்ட பழையது. விசிறியைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளிருந்த எண்ணெய் பிசினாய் இறுகிப் போயிருந்தது. எண்ணெயை எண்ணெய்தானே இளக்கும் என்று, பூஜை அலமாரியிலிருந்த விளக்கெண்ணெயையே அதன் வாயில் ஊற்றி ஒருநாள் முழுதும் காத்திருந்தேன். உன் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“பாயசத்துல தித்திப்பு ஜாஸ்தியாயிடுத்துன்னு இன்னும் சர்க்கரையைப் போடறேளா? இதை வேக வைக்க அவன் என் இட்லிப் பானையைத் தூக்கிண்டு போனானே, மறந்துடுத்தா? என்ன ரகளை பண்ணினேள் அன்னிக்கு!”

மறக்குமா? இட்லி வெந்திருக்கும் என்று நான் மூடியைத் திறக்க, தட்டின் நடுவே இந்த இரும்பு மூர்த்தி வியர்த்துக்கொண்டு எழுந்தருளியிருந்ததை? மடி போயிற்று, ஆசாரம் போயிற்று என்று நான் வீடதிரக் கத்தினேன். நீயோ கரண்டியால் அதைப் புரட்டிவிட்டு, “கோச்சுக்காதீங்கோ அத்திம்பேர், இதுவும் ஸ்நானம்தான். வெந்நீர் ஸ்நானம்” என்றாய். அக்கா உன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே சிரித்தாள். அன்றே அந்தப் பானை பரணுக்குப் போயிற்று.

இப்போது அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நானே ஏறி அதை இறக்கினேன். நானே அடுப்பில் ஏற்றினேன். பழுப்புப் பிசின் வழிந்து தண்ணீரில் மிதந்தது. வெளியே எடுத்து, ஈரம் உலரும்வரை வெயிலில் வைத்து, மெல்லிய எண்ணெய் விட்டுத் திருப்பினேன். விசிறி பெருமூச்சோடு ஒரு சுற்று வந்தது. நானும் ஒரு பெருமூச்சு விட்டேன்.

எரிபொருளுக்காகத் தியாகராய நகரில் நீ வாடிக்கையாகப் போகும் கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் எஞ்சினை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“இன்னா சார், மியூசியத்துலேர்ந்து எட்த்தாந்தீங்களா? இப்பல்லாம் பேட்டரிதான். இந்த எண்ணெயக் கேட்டுக்கினு யாரும் வர்றதில்ல.” உள்ளே போய்ப் பிரிக்காத ஒரு டின்னைத் துடைத்துக் கொண்டுவந்தார். “வூட்ல பழைய டின்னு எதனா கீதா? அத்த ஊத்தாதீங்க, தண்ணி இஸ்துக்கினு இருக்கும். விரலு ஜாக்கிரதை நைனா. குச்சியாலத்தான் தட்டணும்.”

ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது நான்கு அடி எஞ்சின் என்றால் என்ன என்று ஒருநாள் நீ எனக்குச் சொன்னாய். மூச்சை உள்ளே இழுப்பது ஓர் அடி, அடைப்பது ஓர் அடி, வெடித்து உழைப்பது ஓர் அடி, வெளியே விடுவது ஓர் அடி. “நீங்க மூக்கைப் பிடிச்சுண்டு பண்றதை இது வால்வைப் பிடிச்சுண்டு பண்றது, அத்திம்பேர். நாலுல ஒண்ணுதான் வேலை. மத்த மூணும் அந்த ஒண்ணோட வேகத்துல ஓடிடும்.” பரிகாசம் என்று அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் பலகையை இறுக்கினேன். காற்று புகும் வாயை விரலால் மூடி, விசிறியைச் சுழற்றி எரிபொருளை உள்ளே இழுத்தேன். தலையிலிருக்கும் பிளக்குக்குப் பேட்டரியை மாட்டினேன். பிறகு குச்சியால் தட்டினேன், தட்டிக்கொண்டேயிருந்தேன். ஒரு தும்மல், கொஞ்சம் புகை, மறுபடி மௌனம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளான நேற்று, தோள் மரத்துப்போய்த் தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

“போறும்னா, விட்டுடுங்கோ. என்னமோ ஆசைப்பட்டேன்” என்றாள் அவள்.

அந்தச் சொல்லில் ஆசை முடிந்துபோயிருந்தது. அதுதான் என்னை எழுப்பிற்று. கண்ணை மூடி உன் கையை நினைத்துப் பார்த்தேன். நீ விசிறியை ஒருபோதும் முன்னோக்கித் தட்டியதில்லை. “பின்பக்கமா ஒரு தட்டு. அழுத்தம் தாங்காம அதுவே துள்ளி முன்னாடி வரும்” என்பாய். நான் மூன்று நாளும் முன்னோக்கியே தட்டியிருக்கிறேன். குச்சியை மறுபுறம் வைத்து, பின்னோக்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

பற்றிக்கொண்டது! வெண்புகை கக்கிக்கொண்டு, பலகை நடுங்க, கடமுடவென்று ஓடியது. வெற்றிக் களிப்போடு அவளைப் பார்த்தேன். வலச்செவியைத் திருப்பிக் கேட்டுவிட்டு அவள் தலையை அசைத்தாள்.

“இல்லை. இது அவன் சத்தம் இல்லை.”

அந்தக் கணத்தில் என் களைப்பெல்லாம் ஒன்றாய் வந்து தோளில் இறங்கியது. அவளோ கையைச் சுழற்றிக் காட்டினாள். “அந்த ஊசியை மூடுங்கோ. இன்னும் கொஞ்சம். அவன் இன்னும் மூடுவான்.”

எரிபொருளை அளந்து விடும் ஊசித் திருகை இம்மி இம்மியாகத் திருகினேன். புகை மெலிந்தது, கடகடப்பு ஒன்றோடொன்று கூடி ஒரே நாதமாயிற்று. உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. சட்டென்று சிரித்தாள், கண்ணீரோடு.

“வந்துடுத்துன்னா! இந்தச் சத்தத்துக்கு மேல கத்துவானே, ‘அக்கா, காபீ’ன்னு… வந்துடுத்து.”

எரிபொருள் தீரும்வரை இருவரும் நின்றோம். விசிறி தளர்ந்து, முன்னும் பின்னும் ஆடி, நின்றது.

“எண்ணெய் விட்டு வைங்கோ. அப்படியே போட்டா அவனுக்குப் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு, காபி போடக் கீழே இறங்கினாள். அவள் சொன்னபடியே விட்டு வைத்தேன்.

மாசியங்களை விடாமல் செய்தது என் வலிமை என்று நினைத்திருந்தேன். உழைக்காத அந்த மூன்று அடிகளிலும் என்னை ஓட்டிச் சென்றது, உன்மேல் அவள் வைத்த ஆசை என்று இப்போது தெரிகிறது. இன்று மூச்சை இழுத்து, அடைத்து, விடும்போதெல்லாம் உன் எஞ்சின் கூடவே ஓடியது. மடிக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்: விரல்களை மூன்றாம் முறை கழுவவில்லை.

உனக்கெழுதிய இம்மடலைப் படிக்க நேரும் மற்றவர்களே, உங்கள் மனைகளில், அன்புடையவர் குரல்கள் நெடுங்காலம் ஒலிக்கட்டும். அவற்றைக் கேட்கும் செவிகளை அம்மை காத்தருளட்டும். குலமும் கிளையும் குறைவின்றி வாழ்க.