இல்லாத சுவரைச் சுற்றிய சங்கிலி

உங்கள் நில அளவுச் சங்கிலி என் மேசைமேல் கிடக்கிறது. கண்ணிகளுக்கிடையே இன்னும் செம்மண். இறந்தவர்மீது முறையீடு செய்யக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. ஆகவே முதலில் என் புகார்கள்:

1. ஆடி முதல் வெள்ளி: தோங் நாய் ஆற்றுக்கு மேலே, எல்லைக்காட்டில் வரவிருக்கும் ரப்பர் தோட்டத்தை நீங்கள் அளந்து கொண்டுவந்தீர்கள். நேராகப் போகவேண்டிய கோடு ஓரிடத்தில் மூன்று பக்கம் மடங்கி, ஒரு சிறு நிலத்தை வெளியே விட்டிருந்தது. காரணம் கேட்டேன். சொல்லவில்லை.

2. ஆவணி மூலம்: சைகோன் அலுவலகத்தில் எல்லார் முன்பும் அதை உங்கள் பிழையென்று ஒப்புக்கொண்டு, மேலதிகாரியாக நான் கையெழுத்திட நேர்ந்தது. நீங்கள் வாய் திறக்கவில்லை.

3. ஐப்பசி பத்தாம் நாள்: அப்போதும் பதில் சொல்லாமல், காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

கையெழுத்திட்ட அன்று மாலை சைகோனின் பென்தான் சந்தைக்கு எதிரே வழக்கம்போல் காப்பி குடித்தோம். கை நடுங்கத் தொடங்கிவிட்டதா என்று கேட்டேன். கொடுமையான கேள்வி; தெரிந்தேதான் கேட்டேன். நீங்கள் பிரெஞ்சு முறையில் என்னை ஐயாவென்று விளித்து, காரைக்கால் பேச்சு மாறாமல் சொன்னீர்கள்: "கோடு சரிதான், முசே. ஒரு தடவ போயி பாத்துட்டு வந்து திட்டுங்க."

போகத் தேவையில்லை என்றேன். வரலாற்றில் பட்டம் பெற்றவன் அல்லவா? அந்த இடத்தைப் புத்தகத்திலேயே பார்த்திருந்தேன். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பு மணிலாவிலிருந்து ஒரு ஸ்பானியக் கிறிஸ்தவத் துறவி வந்தார், காட்டோரம் மூங்கிலால் கோயில் கட்டினார், மூன்று மழைக்காலம் தாங்கினார், நோயுற்றுத் திரும்பினார். ஒரே வரி. அதைப் பெருமையோடு ஒப்பித்தேன்.

"அவ்ளோதான் எழுதியிருக்கா?" என்றீர்கள். நான் சிரித்தேன்.

மார்கழியில், எல்லைக்கோட்டை நிமிர்த்தும்படி தோட்ட முதலாளிகள் எழுதிக் கேட்டார்கள். நிமிர்த்திவர உங்கள் சங்கிலியோடு என்னையே அனுப்பினார்கள்.

அங்கே சுவர் இல்லை, தூண் இல்லை, கூரை இல்லை. பெருங்காட்டின் நடுவில் ஒரு சருகுகூடக் கிடக்காத நீள்சதுர மண்தரை மட்டும் இருந்தது. மலைக்குடிப் பெண் ஒருத்தி அதைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே நடந்தேன். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஏதோ சொன்னாள். உடன் வந்த வியட்நாமியச் சுமைகாரர் சிரிப்பை அடக்கியபடி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "சுவருக்குள்ள புகுந்து வர்றாரே, இவரு என்ன பேயா?"

அப்போதுதான் கவனித்தேன். விறகோடு வந்த இரண்டு பெண்கள் தரையைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்கள். ஓரிடத்தில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார்கள். அங்கே குனிய எதுவுமில்லை. என்றோ மக்கிப்போன ஒரு தாழ்ந்த நிலைவாசலுக்கு அவர்கள் உடல் இன்னும் வழிவிட்டுக்கொண்டிருந்தது. கட்டியவர் யாரென்று பெருக்கியவளிடம் கேட்டேன். அவளுக்குத் துறவியும் தெரியாது, ஸ்பெயினும் தெரியாது. வாசல் அதுதான் என்றாள். பிறகு சங்கிலியைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். இதைக் கொண்டுவந்த முந்தைய ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக வந்தாராம். சங்கிலியையும் சுவரைச் சுற்றியே இழுத்துப் போனாராம்.

பேரரசு ஒன்று மூன்று மழைக்குமேல் நிற்க முடியாத இடத்தில், அது கைவிட்டுப் போன வெறுங்காற்று சுவராக நிற்கிறது. அந்தச் சுவரை நீங்கள் கண்ணி கண்ணியாக அளந்திருக்கிறீர்கள். நான் அதைப் பிழை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கட்டுரை எழுதியிருப்பேன்; தோண்டிப் பார்க்க ஆள் வந்திருக்கும். அதற்கு அஞ்சினீர்களா? என்னைப் பற்றி அவ்வளவு சரியாகக் கணித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று கோப்பில் எழுதிவிட்டேன்: கோடு சரி. தவறென்று கருதும் அதிகாரி நேரில் சென்று, வாசல் வழியாக உள்ளே நின்று பார்த்து, மார்ச் கடைசி நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதுவரை வளைவு இருக்கும். இந்த வரிகளுக்காக என்னை வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பட்டும்.

ஆவணியில் இட்ட கையெழுத்தை அடித்துவிட்டேன். சங்கிலியிலிருக்கும் மண்ணைத் துடைக்கவில்லை. அந்தக் காப்பிக் கடைக் கேள்வியை மட்டும் அடிக்க வழி தெரியவில்லை. அதை மன்னித்தீர்களா, இல்லையா? உங்களுக்குப் பங்குனி உத்திரம்வரை அவகாசம். பதில் எழுத்தில் வேண்டும்.