வலையில் ஏறி வந்த செண்பகம்

என் செண்பகத்துக்கு,

நம் அமுதா படிப்பை முடித்துவிட்டாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பேசப் பேச நீ குறுக்கே புகுந்து “பாஸா, பெயிலா? அதச் சொல்லுங்க மொதல்ல” என்று பிடுங்குவாய். பாஸ்தான். நல்ல பாஸ். அதற்குள் என் மானம் எப்படிக் கப்பலேறியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் கல்லூரியில் பிள்ளைகள் செய்த வேலைகளை எல்லாம் புத்தகமாகப் போடுகிறார்களாம். “நடந்தத நீங்களே ஒரு பக்கம் எழுதிக் குடுங்கப்பா” என்றாள். முன்பின் தெரியாதவர்களுக்கு எழுத எனக்கு வரவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு உன் பெயரை எழுதிப் பார்த்தேன், பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். உன்னிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நாலு பேர் இருந்தால் நீ கொஞ்சம் மெதுவாகத் திட்டுவாய்.

அவளைக் கல்லூரியில் சேர்க்கிற படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நீதான், ஞாபகம் இருக்கிறதா? “பி.காம் படிச்சுட்டுக் கடையப் பாக்கட்டும். படம் வரையவா நாலு வருசம்?” என்று நான் கேட்டேன். “படம் இல்லங்க, டிசைனு” என்றாய். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். “அவ படிச்சுட்டு வந்து சொல்லுவா” என்றாய். அவள் சொல்லவில்லை. செய்து காட்டினாள், நம் வீட்டுக்குள்ளேயே.

முதல் வருஷத்து நாற்காலியை மட்டும் நீ பார்த்தாய். கடற்கரையில் கிழிந்து கிடந்த நைலான் வலையை எடுத்துவந்து பின்னிய நாற்காலி. நீ உட்கார்ந்து பார்த்துவிட்டு “காத்தோட்டமா இருக்கு” என்றாய். நான் உட்கார்ந்தேன், அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னை முகர்ந்து பார்த்தார்கள். அந்த வருஷமே நீ கண்ணை மூடிவிட்டாய்.

ரெண்டாம் வருஷம் மண். நம் பக்கத்து மண்ணிலிருந்தே சாயம் எடுக்க வேண்டும் என்று தேரிக்காட்டுச் செம்மணல், உப்பளத்துச் சேறு, எங்கோ கொட்டிக் கிடந்த சாம்பல் என்று டப்பா டப்பாவாக வந்து இறங்கியது. படம் அழகாகத்தான் இருந்தது. சாம்பலில் வானம் வரைந்திருந்தாள், பார்த்தால் நம் ஊர் வானம்தான். ஆனால் எல்லாவற்றையும் உன் மிக்சியில்தான் அரைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் தேங்காய்ச் சட்னி நறநறவென்றது. “தேரிமணல் கொஞ்சம் கெடந்திருக்கும்பா, ஒண்ணும் செய்யாது” என்கிறாள்.

மூன்றாம் வருஷம் கால். உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்களின் பாதங்களைப் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து வந்தாள், வெடிப்பு, புண் எல்லாவற்றோடும். கூடத்தில் வரிசையாகக் காயவைத்திருந்தாள். சிலிண்டர் போட வந்தவர் கதவைத் திறந்ததும் அத்தனை காலையும் பார்த்துவிட்டுச் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் முதலில் சிரிப்புதான். பிறகு ஒரு பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பெண்களுக்கென்று டயர் டியூபில் செருப்பு செய்துகொண்டு போனாள். போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னார்களாம்: “செருப்பு சோக்காத்தான் இருக்கு பாப்பா. உப்புல நடக்கத்தான் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கிடுதோம்.” மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து, நாலாம் நாள் எழுந்து செருப்பைத் திருத்த உட்கார்ந்தாள். உன் பிடிவாதம்.

கடைசி வருஷத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது.

புத்தகம் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் எனக்குக் கவர் கடை. செண்பகம் ஸ்டோர், என் பெண்டாட்டி பேரில். மீன்காரர், பூக்காரர், பலசரக்குக்காரர் எல்லாருக்கும் பை, கவர் எல்லாம் என்னிடம்தான். தடை வந்த பிறகு துணிப்பை, காகிதப்பை என்று மாறிவிட்டேன். அதற்கு முன்னால் விற்றதெல்லாம் பிளாஸ்டிக் கவர். கடைப்பேர் போட்டது.

அமுதா திரேஸ்புரத்துக்குப் போய் லூர்தம்மாவைப் பிடித்தாள். மீன் ஏலம் விடுகிற அதே லூர்தம்மாதான், மகன்மார் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். வலையில் மீனைத் தவிர என்ன வந்தாலும் தூக்கி எறியாமல் தனக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

“ஏளா, மீனக் கேட்டா குடுக்கலாம். குப்பையக் கேக்கியே, ஒனக்கென்ன கிறுக்கா?” என்றாளாம் லூர்தம்மா. ஆனால் எடுத்துவைத்தாள். சாக்கு சாக்காக வந்தது. அமுதா ஒவ்வொன்றையும் கழுவி, மொட்டைமாடியில் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஒரு சீட்டும் மாட்டினாள். “பொம்மையின் கை.” “இடது கால் செருப்பு.” “மறுபடியும் இடது கால் செருப்பு.”

ஒரு நாள் மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று மாடி ஏறினேன். கொடியின் நடுவில், கண்ணுக்கு நேரே, வரிசையாகத் தொங்குகின்றன: செண்பகம் ஸ்டோர், செண்பகம் ஸ்டோர், செண்பகம் ஸ்டோர். எத்தனை வருஷம் கடலுக்கடியில் கிடந்ததோ, எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. நல்ல மையாகப் போடச் சொல்லி அச்சகத்தில் சண்டை போட்டவன் நான்.

பெற்ற மகள் ஊரைக் கூட்டி என்னைக் குற்றவாளியாக நிறுத்தப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்போதுதான் கொடியின் ஓரத்தில் இன்னொரு கவரைப் பார்த்தேன். கடைப்பேர் இருந்த பக்கம் கிழிந்துபோய், நீல மையில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் மிச்சம் இருந்தது. சீட்டில் அமுதா எழுதியிருந்தாள்: “யாரோ ஒரு நடிகை.”

செண்பகம், அது நீ.

கல்யாணமான புதிதில் நம் போட்டோவைக் கொடுத்து உன் முகத்தைப் போட்டுக் கவர் அடித்தேனே, அது. அச்சுக்குப் பிளாக் செய்தவன் உன் கன்னத்தில் இல்லாத மச்சம் ஒன்றை வைத்துவிட்டான். நீ அதைப் பார்த்துவிட்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! “எனக்கு எங்கங்க மச்சம்? நெத்திலி வாங்குதவன் எம் மூஞ்சியிலயா பொதிஞ்சுட்டுப் போவான்? அம்புட்டையும் தீய வச்சுக் கொளுத்துங்க” என்றாய். மறுநாள் கொளுத்திவிட்டேன் என்று சொன்னேன்.

கொளுத்தவில்லை. லூர்தம்மாவின் மாமியாருக்கு விற்றுவிட்டேன். இதுதான் நான் ஒப்புக்கொள்ள வந்த விஷயம். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொல்லாமலே நீயும் போய்விட்டாய்.

அன்று மாடியில் நான் செய்தது இதுதான். கடைக்கவர்கள் எல்லாவற்றையும் சீட்டோடு உருவிச் சுருட்டினேன். உன் முகத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சுருட்டியதைச் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் பூட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி கல்லாவில் உட்கார்ந்தேன்.

“அப்பா, மாடிக்குப் போனீங்களா?” என்று கேட்டாள் அமுதா.

“முட்டு வலியோட நான் எதுக்குப் படி ஏறுதேன்?”

“ஒங்க கண்ணாடிய எங்கப்பா காணோம்?”

“கடையில கெடக்கும்.”

கண்ணாடி கடையில் இல்லை. எங்கே வைத்தேன் என்று யோசித்து யோசித்து, சரக்குச் சீட்டையெல்லாம் கையை நீட்டி நீட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நாள் கழித்து லூர்தம்மா ஒரு சாக்கோடு கடைக்கே வந்துவிட்டாள். கடை நிறைய ஆள்.

“அண்ணாச்சி, பாப்பா வச்சிருந்தத காத்து அடிச்சிட்டுப் போயிட்டாம்லா? கவலப்படாதிய. ஒங்க கடைக் கவரு இன்னும் வேணுங்கிற மட்டும் வந்திருக்கு. தோண்டத் தோண்ட வருது!”

வாங்கி அதையும் கிட்டங்கியில் போட்டுப் பூட்டினேன். காற்று என்று அமுதா ஏன் சொன்னாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

கண்காட்சியை மீன் ஏலக்கூடத்தில் வைத்தாள். காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டபின், சாயங்காலம். கல்லூரியிலிருந்து மதிப்பெண் போட ரெண்டு பேர் வந்திருந்தார்கள். திரேஸ்புரமே திரண்டு வந்திருந்தது. தைரியமாகத்தான் போனேன், என் பொருள் ஒன்றும் அங்கே இல்லையே. ஆனால் கூட்டம் முழுக்க ஒரே இடத்தில் நின்றது. விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், கொடியில் ரெண்டு ஆள் நீளத்துக்கு வெறும் இடம். நடுவில் ஒரு சீட்டு. சீட்டுக்குப் பக்கத்தில் நூலில் கட்டி என் கண்ணாடி தொங்குகிறது.

மாடிச் சுவரில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், செண்பகம். திருடப் போனவன்.

கண்ணாடி இல்லாமல் சீட்டைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற லூர்தம்மாவிடம் என்ன எழுதியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன். அவளுக்கு ஏலம் விடுகிற தொண்டை.

“‘இங்கே இருந்தவற்றை அவற்றின் சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார்.’ இப்படித்தான் போட்டிருக்கு அண்ணாச்சி. யாரு அந்தச் சொந்தக்காரரு? இந்தக் கண்ணாடி ஒங்களுது மாதிரி இருக்கே?”

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அமுதா மட்டும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் தலையைக் குனிந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தப்பு செய்தவன் நான், பயந்து நின்றவள் அவள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். சுருட்டியதையும் லூர்தம்மாவின் சாக்கையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்ட ஆரம்பித்தேன். பாதி மாட்டியிருப்பேன், அமுதா பக்கத்தில் வந்து நின்றாள்.

“சீட்டோட பின்பக்கம் பாத்தீங்களாப்பா?”

பார்க்கவில்லை. தொங்கிய கண்ணாடியை நூலோடு இழுத்து மாட்டிக்கொண்டு, கையிலிருந்த கவரின் சீட்டைத் திருப்பினேன். “இது என் அப்பா விற்றது. இதில் வந்த காசில்தான் நான் படித்தேன். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.” எல்லாச் சீட்டிலும் அதுவே இருந்தது.

என்னைக் குற்றவாளியாக நிறுத்துவாள் என்று நினைத்தேனே. அவள் தன்னையும் கூடவே நிறுத்திக்கொண்டிருக்கிறாள். நான்தான் அந்த இடத்தை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

சட்டைப்பையிலிருந்து கடைசிக் கவரை எடுத்தேன். “இதயும் நாந்தான் எடுத்தேன். இது நடிகை இல்லளா. ஒங்கம்மா.”

அமுதா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு ஏதுப்பா மச்சம்?”

“அது பிளாக் செஞ்சவன் வச்சது.”

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாகிவிட்டது. லூர்தம்மா எட்டிப் பார்த்து “சேசுவே, நம்ம செண்பகக்காவா! இந்தக் கவருலதான எங்க மாமியா கட்டுக்கட்டா வாங்கி வச்சு நெத்திலி பொதிஞ்சா!” என்று கூடம் அதிரச் சொன்னாள். உனக்குக் கேட்டிருக்கும்.

மதிப்பெண் போட வந்தவர்களில் ஒருவர், நீள ஜிப்பாக்காரர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், பிரமாதமான பர்ஃபார்மன்ஸ். எத்தனை நாள் ரிகர்சல் பண்ணீங்க?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து” என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி சாப்பிடுவதற்கு முன் அமுதா அந்த ‘நடிகை’ச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: “செண்பகம், இருபத்திரண்டு வயது, திரேஸ்புரம் கடலில் கிடைத்தாள்.” மச்சத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அது கலைக்கு வேண்டாமாம். பிறகு கேட்டாள், “அப்பா, அம்மா இன்னும் நெறைய கெடப்பாங்களோ அங்கன?” அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டியதா? நீயாவது சொல்லேன்.

இத்தனை வருஷம் கடலோரத்தில் கடை வைத்திருந்தும் நான் வள்ளத்தில் கால் வைத்தது கிடையாது. வருகிற சனிக்கிழமை லூர்தம்மாவின் மகன்மாரோடு நானும் அமுதாவும் போகிறோம். எனக்குக் குமட்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அமுதா ஒரு வாளி வாங்கிவைத்திருக்கிறாள், கடலில் வாந்தி எடுக்கக் கூடாதாம். இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றுவைத்துவிட்டு நீ நிம்மதியாகப் போய்விட்டாய்.

வாளியைக் கட்டிக்கொண்டே கிடந்தாலும் சரி, இந்த ஒரு சனிக்கிழமையோடு நான் நிறுத்தப் போவதில்லை. உடம்பு தாங்குகிறவரை போவேன். வலையில் உன் பெயர் வந்தாலும் உன் முகம் வந்தாலும் என் கையாலேயே பிரித்தெடுத்து, உப்புப் போகக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் புருஷன், அமுதாவின் அப்பா,
சண்முகவேல்